டாக்டர் விரலில் நூல்

டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கி, விரல்நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, கொஞ்சம் அகட்டிக் காட்டினார். "இந்த நூல் என்ன நிறம், சொல்லுங்க பார்ப்போம்."

டெய்லர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாக நூலோடு மல்லுக்கட்டுகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? "இளம் பச்சை. முறுக்கு கம்மி, டாக்டர். மிஷின்ல போட்டா அறுந்துடும்."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் விரல்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. குடியை நிறுத்திய மூன்றாம் நாள் மூளை இப்படித்தான் கண்ணாமூச்சி காட்டும். நூல் தெரிகிறவரை ஆள் தெளியவில்லை என்று அர்த்தம். வாசலில் நின்ற டெய்லரின் மனைவிக்கும் இதைச் சொல்லியாயிற்று. டெய்லருக்கு மட்டும் தெரியாது. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார், தொழில் கர்வம் அவ்வளவு.

மருந்து ஏறியது. ஜன்னல் வெளிச்சம் துணி மாதிரி தரையில் விரிந்தது. டெய்லர், டாக்டரின் விரலிலிருந்து நூலை உருவினார். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. வெளிச்சத்தை வெட்டி மகளுக்கு ஒரு கவுன் தைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன், அவள் பள்ளி மேடையில் பாடுவதற்கென்று வாங்கிய இளம் பச்சைத் துணியை ஏதோ ஒரு மதுக்கடையில் விட்டுவிட்டு வந்த புண்ணியவான் அவர். எந்தக் கடை என்றுகூட நினைவில்லை. அன்றிலிருந்து மகள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதோ கழுத்து, கை, இடுப்புச் சுருக்கம் எல்லாம் கச்சிதம். கொக்கி மட்டும் பாக்கி. மகள் போட்டுப் பார்த்து, "நல்லாருக்குப்பா" என்றாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் நூல் மெலிந்திருந்தது. அதற்கடுத்த நாள், "வெள்ளைன்னு நினைக்கிறேன்" என்று இழுத்தார்.

ஆறாம் நாள் காலை மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றாள். டாக்டர் கைகளைத் தூக்கினார். "என்ன நிறம்?"

டெய்லர் உற்றுப் பார்த்தார். எதிர்ச்சுவர்தான் தெரிந்தது.

"நூலே இல்லயே, டாக்டர்."

"அப்பாடா, தெளிஞ்சிட்டீங்க." டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

டெய்லர் தலையணைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார். போர்வையை உதறிப் பார்த்தார். "அப்போ கவுன்?" என்று கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பாப்பாவுக்குத் தைச்சு முடிச்சிருந்தேன். கொக்கி மட்டும்தான் வைக்கல."

மகள் திரும்பினாள். பக்கத்துக் கட்டில்காரரின் வயிற்று வீக்கத்தை அளக்க நர்ஸ் வைத்திருந்த இஞ்ச் டேப்பை வாங்கிவந்து அவர் மடியில் போட்டாள். எதிரே கைகளை அகட்டி நின்றாள்.

"அளவெல்லாம் வேண்டாம்மா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன் அளவு எனக்கு மனப்பாடம். தோள்லேர்ந்து முட்டி வரைக்கும் இருபத்தேழு."

"எடுங்கப்பா," என்றாள் மகள்.

டெய்லர் கட்டிலை விட்டு இறங்கினார். டேப் நுனியைத் தோளில் வைத்து முட்டிவரை இழுத்தார். நம்பாமல் இன்னொரு தரம் இழுத்தார். முப்பத்தொன்று.

"எப்பம்மா வளர்ந்தே?" என்றார்.

மகள் அகட்டிய கையை இறக்கவில்லை.