லூகாங் உகரம்

யா-ஹுயிக்கு வயிறு எரிந்தது. எந்த ஊரில் எந்த உச்சரிப்பு என்று நிறத்தால் காட்டிப் பேராசிரியர் கோங் வரைந்த ஒலி வரைபடத்தில் அவளுடைய சொந்த ஊரான லூகாங்குக்கும் பக்கத்து ஊர்களுக்கும் ஒரே நீல நிறம். பழைய சத்தம் அழிந்துபோய்விட்டதாம்! மீனை மற்ற ஊர்களில் 'ஹி' என்றோ 'ஹு' என்றோ சொல்வார்கள். லூகாங் வாயில் இரண்டும் வராது. 'மாடு' என்னும்போது கடைசியில் உதடு குவியாமல் ஓர் உகரம் வருமே, அதுதான் வரும். கடலுக்கு அப்பாலுள்ள சுவான்ஜோவிலிருந்து முன்னோர்களோடு கப்பலேறி வந்த அந்த உகரம் எந்த ஊரில் எப்படித் திரிந்தது என்று தேடித்தான் அவள் ஆராய்ச்சிப் பட்டமே வாங்கினாள். இந்த 'ஹி' நீலம் அச்சேறினால் லூகாங் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் 'ஹி'தான் இருக்கும்.

"எங்க அத்தை பேசறதக் கேட்டுட்டு அப்புறம் அச்சடிங்க சார்" என்று அவரை வீம்பாக அழைத்து வந்துவிட்டாள்.

சிப்பி உரித்துக்கொண்டிருந்த சியூ-லுவான் அத்தை கையைக் கழுவி, தேநீர் ஊற்றிக் கொடுத்து, பதிவுக் கருவிக்கு முன்னால் பெண் பார்க்க ஆள் வந்திருக்கிற மாதிரி அடக்கமாக உட்கார்ந்தாள். பேராசிரியர் மீன் படத்தைக் காட்டினார்.

"ஹி" என்றாள் அத்தை, செய்தி வாசிப்பவள் போல. அதே உகரம் வரவேண்டிய பன்றிப் படத்துக்கும் வெளியூர்ச் சத்தம்தான்.

பேராசிரியர் சிரிப்பை மறைக்கக் கோப்பையைத் தூக்கினார்.

யா-ஹுயி வெடித்தாள். "ஏன் அத்தை மானத்த வாங்கற? காலையில மீன்காரன்கிட்ட சண்ட போட்டியே, அப்படிச் சொல்லேன்! பெரிய மனுஷர் வந்தா நாக்க மாத்திப்பியா? மீனுக்குப் பேரே உன்னாலதான் போச்சு!"

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாலயா? தைச்சுங் டவுன் மில்லுல வேல பாத்தப்ப நான் மீனுன்னு வாயத் தொறந்தா போதும், வெவ்வெவ்வேன்னு பழிப்புக் காட்டுவாளுங்க. பொழப்புக்காக வெளியாளுங்ககிட்ட மாத்திப் பேசினேன். வீட்டுல மாத்தினேனா? மீனு, பன்னி, எல்லாம் எங்கம்மா சொன்னபடிதான்டி சொல்றேன்!"

கத்தலில் அந்தப் பழைய உகரம் அப்படியே வந்து விழுந்தது.

"கேட்டீங்களா சார்?" என்று குதித்தாள் யா-ஹுயி.

அத்தை விடவில்லை. "நிறுத்துடி! இப்ப என்னைத் திட்டினியே, உன் வாயில என்னடி வந்துச்சு?"

பேராசிரியர் பதிவைத் திருப்பி ஓட்டினார். யா-ஹுயியின் குரல் மீனின் பேரை ஆத்திரத்தோடு கத்தியது: ஹி. மறுபடி ஓட்டினார். ஹி.

"அத்தை வயசுக்காரங்களுக்கு வேற நிறம் போட்டுடறேன்மா. உங்க வயசுக்கு நீலம்தான்" என்றார்.

"இல்ல சார், எனக்கும் வரும்!" யா-ஹுயி மூச்சை இழுத்து, நாக்கை நிறுத்தி, உதட்டை விரித்துச் சொன்னாள். பிசகில்லாமல் வந்தது.

"நினைச்சுச் சொன்னா எனக்கும் வரும்மா" என்ற பேராசிரியர், சொல்லியும் காட்டினார். அவளைவிடச் சுத்தமாக இருந்தது.