இஞ்சின் வெளியில் இருக்கும்போதே

கனகலிங்கத்தின் காரில் பழுதாகிப் போனது கிளச் பிளேட் ஒன்றுதான். அதை மாற்ற இஞ்சினையே இறக்க வேண்டும் என்று கராச்காரர் மஜீத் நானா சொன்னபோது மனிதரின் முகம் வாடவில்லை, மலர்ந்தது. மஜீத் நானா அப்போதே உசாராகியிருக்க வேண்டும்.

கார் என்றால் லேசுப்பட்ட கார் இல்லை. மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீற்று. நெளுக்குளத்தில் அரிசி ஆலை வைத்திருந்த கனகலிங்கம் அதை வாங்கி, ஒரு சீற்றில் தானும் மறு சீற்றில் ஒரு தவிட்டு மூட்டையுமாக வருடக்கணக்கில் ஊர் சுற்றினார். வயது முப்பத்தைந்து. அந்த மூட்டையைத் தவிர வேறு யாரையும் அவர் பக்கத்தில் வவுனியாச் சனம் கண்டதில்லை.

அதை மாற்றத்தான் அவருடைய அக்கா இரஞ்சிதம் ஒரு சம்பந்தம் பார்த்திருந்தார். பெண் ஒட்டுசுட்டானில் பள்ளிக்கூட ரீச்சர், பெயர் அருந்ததி. "வாற வெள்ளிக்கிழமை அவை சிவன் கோயிலுக்குத் தற்செயலாக் கும்பிட வருவினம். நீயும் தற்செயலா வா" என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்திருந்தார்.

இந்தத் தற்செயல் நல்லதொரு ஏற்பாடுதான். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாகாது. கும்பிட வந்தார்கள், கும்பிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் கனகலிங்கம் இதற்கு முன்பும் ஒரு தடவை இப்படிக் கோயிலில் நின்றவர். அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள், தீபாராதனைக்கும் நிற்காமல் போய்விட்டாள். ஊருக்கு அது ஒன்றுமேயில்லை. அவர் நொந்து போனார். இன்னொரு தடவை அப்படி நிற்க அவருக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் போய் இறங்குவது தனக்குக் கௌரவமில்லை என்று அக்காவிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்ததால், கார் ஓடாதவரை கோயிலும் இல்லை.

மஜீத் நானா கராச் முற்றத்து வாகை மரக் கொப்பில் சங்கிலியும் கப்பியும் கட்டி, இஞ்சினைத் தூக்கி, மரத்தடியில் இரண்டு குற்றிகளின் மேல் வைத்தார். கிளச் பிளேட்டை மாற்றிவிட்டு, "நாளைக்கு ஏத்துவம்" என்றார்.

"பொறுங்கோ நானா. பின்பக்க ஒயில் சீலும் கசியுது. இஞ்சின் வெளியிலை இருக்கேக்கையே அதையும் மாத்திப் போடுவம். பிறகு கை போகாது."

நியாயம்தான். மாற்றினார். மறுநாள் இஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள். அவை வெடித்துப் போயிருந்தன, அதுவும் நியாயம். பிறகு தண்ணீர்க் குழாய்கள். அதன் பிறகு வயர்கள். தவிட்டு மணத்துக்கு ஆலை எலி ஒன்று காருக்குள் குடிவந்து, வயரையெல்லாம் நறுக்கி மெத்தை செய்து, குட்டியும் போட்டிருந்தது. அதையும் நியாயமில்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் வியாழக்கிழமை கனகலிங்கம் ஒரு சுரண்டியும் கறுப்புப் பெயின்ற் ரின்னுமாக வந்து இறங்கியபோது மஜீத் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய மரத்தடிக்காக இரண்டு லொறிகள் காத்துக்கொண்டு நின்றன.

"உள்ளுக்கை துருப் பிடிச்சுக் கிடக்கு நானா. இஞ்சின் வெளியிலை இருக்கேக்கையே..."

"இஞ்சினுக்குக் கீழை ஆர் தம்பி குனிஞ்சு பாக்கப் போகினம்?"

"கடவுள் பாப்பார்."

"அவரை நாளைக்குக் கோயிலிலை எல்லோ நீங்கள் பாக்கப் போறியள்?"

கனகலிங்கம் குனிந்து துருவைச் சுரண்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை அக்கா மட்டும் பஸ்ஸில் போய்த் திரும்பினார். "அவை வந்து நிண்டு பாத்திட்டுப் போட்டினம்" என்று தம்பியின் சோற்றுக் கோப்பையை டொக்கென்று வைத்தார்.

சனிக்கிழமை காலை, இஞ்சின் இருக்கவேண்டிய குழிக்குள் தானே இறங்கி நின்று பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். ஒட்டுசுட்டான் பஸ்ஸில் வந்த இரண்டு பெண்கள் கராச்சுக்குள் நுழைந்தார்கள். வயதானவர் ஒரு தையல் மெசினைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்திருந்தார்.

"மெசினுக்கு எண்ணெய் விடவேணும்" என்றாள் மற்றவள்.

"இது கார் கராச் பிள்ளை" என்றார் மஜீத் நானா.

"தெரியும் நானா. நானும் மாமியும் தற்செயலாத்தான் வந்தனாங்கள்."

இது அருந்ததிதான், கராச்சுக்கு வழி சொன்னது அக்காதான் என்று கனகலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. மூக்கு நுனியில் கறுப்புப் பெயின்ற்றோடு குழிக்குள்ளேயே விறைத்து நின்றார். ஓடவும் வழியில்லை.

"காருக்கு என்ன வருத்தம்?" என்று அருந்ததி கேட்டாள்.

காரைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வாய் திறக்கும். கிளச்சில் தொடங்கி எலிக்குட்டி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"வீட்டுவேலை செய்யாத பிள்ளையளும் எனக்கு இப்பிடித்தான் விளக்கம் சொல்லுறவை" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "போன வருசமும் ஒருத்தர் கோயிலுக்கு வந்து என்னைப் பாத்திட்டு, பேசாமல் போனவர். நேற்று வரவே எனக்குப் பயம். பயந்து பயந்துதான் வந்து நிண்டனான்."

கனகலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன்னைப் போலப் பயந்த ஒருத்தியைத் தனியாகக் காத்து நிற்க வைத்துவிட்டோமே என்று நெஞ்சு சுட்டது. "நானும் பயத்திலைதான்..." என்றார். அவளுக்கு அது போதுமாயிருந்தது போலும்.

அவள் காரைச் சுற்றி வந்து, தவிட்டு மூட்டை இன்னும் இருந்த சீற்றைக் காட்டினாள். "இது ஆரின்ரை இடம்?"

"தவிட்டு மூட்டையின்ரை."

மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக் கீழே போட்டாள். மாமி "அடியே!" என்று தடுக்குமுன் சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த வேகத்திலேயே முகத்தைச் சுளித்தாள்.

"ஸ்பிரிங் குத்துது. இஞ்சின் வெளியிலை இருக்கேக்கையே இந்தச் சீற்றையும் ஒருக்காப் பாத்துப் போடுங்கோ."

கனகலிங்கம் பெயின்ற் தூரிகையைப் போட்டுவிட்டு ஒரே எட்டில் குழியைவிட்டு வெளியே வந்தார்.

"நானா, சங்கிலியை எடுங்கோ, இஞ்சினை இப்பவே ஏத்துவம். சீற்றுத் தைக்கிறதுக்கு இஞ்சின் வெளியிலை நிக்கத் தேவையில்லை."