சிலுவையம்மாளின் இத்தாலிக் கேள்வி

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பிராங்கிளினின் பெரியப்பா கேசரியை வழித்துத் தின்று முடித்தார். தட்டைக் கீழே வைத்த கையோடு நிபந்தனையையும் வைத்தார்.

"எல்லாம் சோக்கா கீது. ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்பால பொண்ணு கிரேன் ஓட்டக் கூடாது. நம்ம சனம் இன்னா பேசும்?"

என் மகள் ஹெப்சிபா எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறாள். நான் ஆயுசு முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். கிரேனைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. என் மகள் மேலே உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்லிச் சொல்லியே ராயபுரத்தில் பாதிப் பேர் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குத் தலையை ஆட்டப் போனேன். பெண்ணைப் பெற்றவன் தலை, நிபந்தனை என்றால் தானாக ஆடும். போதாததற்கு, கோயில் பாடற்குழுவில் கூடப் பாடும் பிராங்கிளினை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து என் மனைவி சிலுவையம்மாள் மகளைக் கேட்டாள். தமிழில் இல்லை.

"கோமே வுவோய் கே ஃபினீஸ்கா?"

போச்சுடா என்று நினைத்தேன். சிலுவை இத்தாலியில், நேப்பிள்ஸ் ஊரில், கார்மேலா என்ற கிழவியைப் பல வருஷம் வீட்டு வேலைக்கு இருந்து பார்த்துக்கொண்டவள். மீன்காரனோ பெற்ற மகனோ, யாரோடு வம்பு வந்தாலும் அந்தம்மா முதலில் இதைத்தான் கேட்குமாம். சிலுவை ஊர் திரும்பியபோது பெட்டியில் சாக்லேட்டோடு இந்தக் கேள்வியும் வந்து இறங்கியது. தண்ணி லாரிக்காரனோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து 'கோமே வுவோய்' என்பாள். எரிச்சலாக வரும். மகள் ஃபோனிலேயே தாயிடம் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவள். எனக்கு அதில் இந்த ஒரு கேள்விதான் அத்துப்படி.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணிடம் இதை யார் கேட்பார்கள்? நானே கேட்டதில்லையே.

ஹெப்சிபா இத்தாலிப் பாஷையிலேயே பதில் சொன்னாள். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னாள். போகப் போகத் தலை நிமிர்ந்துவிட்டது.

"இன்னாம்மா பேசிக்கிறீங்க?" என்றார் பெரியப்பா.

"நீயே சொல்லு கண்ணு, தமிள்ல," என்றாள் சிலுவை.

மகள் என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். இந்தத் தடவை சரியான ஆளுக்கு.

"இது எப்டி முடியணும்னு ஒனக்கு ஆசைன்னு அம்மா கேட்டுச்சு. எனக்கு அவரும் ஓணும், கிரேனும் ஓணும். ஒண்ண வுட்டுட்டு ஒண்ணு ஓணாம். அதான் சொன்னேன்."

அடி என் ராசாத்தி! எழுந்து விசில் அடிக்கலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது. பெற்றால் இப்படி ஒன்றைப் பெற வேண்டும். குனிந்திருந்த பிராங்கிளின், "எனக்கும் அதான் பெரிப்பா," என்றான். பெரியப்பா முறைத்த முறையில் கப்பென்று வாயை மூடிக்கொண்டான்.

"கௌம்புங்க எல்லாரும்," என்று பெரியப்பா எழுந்தார்.

பிராங்கிளினின் அம்மா எழவில்லை. புருஷன் போனதிலிருந்து அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்ததிலிருந்து அந்தம்மா வாயே திறக்கவில்லை. இப்போது சிலுவையைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கேள்விய என்னியும் ஒரு தபா கேளேன். அந்த பாஷைலயே கேளு."

சிலுவை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்டாள்.

பெரியப்பா வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மறு செருப்பை மாட்டாமல் நின்றார். அந்தம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். அதுவரை தொடாத கேசரித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.