அப்பாவுக்குக் கோட்டு வேண்டாம்

அப்பாவின் முகத்தின் குறுக்கே ராஜசேகரன் நூலைப் பிடித்ததும் ராசம்மா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"டேய், என்னடா பண்றே?"

"கட்டம் போடுறேம்மா."

"செத்தவரு மூஞ்சியிலயா?"

அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். புகைப்படத்தின்மேல் கட்டங்கள் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய தாளில் இழுத்து, ஒவ்வொன்றாகக் கரித்தூளால் நிரப்புவான். குளுவாங் ஊரில் பல வீடுகளில் மாலையோடு தொங்கும் படங்கள் அவன் வரைந்தவை. வாய் மூடியிருக்கும், மூக்கு நேராக இருக்கும், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கும் கறுப்புக் கோட்டு உண்டு. இறந்தவர்கள் எல்லோரும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருப்பார்கள்.

அப்பாவுக்குப் புகைப்படமே இல்லை. ரயில்வே கேட் காவலரான சபாபதிக்குக் காமிராவின்முன் நின்றாலே சிரிப்பு வந்துவிடும். உடம்பு குலுங்கிப் படத்தகடு வீணான கோபத்தில் படம்பிடிப்பவர் விரட்டிவிட்டார். இனி பாடை எடுக்கும்வரைதான் அந்த முகம்.

நூலைச் சுருட்டிவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணளவில் வரைந்தான். சாப்பாட்டுக்கடை நைனா முகம்மது, அப்பாவின் கூட்டாளி, தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! யாரு தம்பி இந்த ஜட்ஜு?"

"அப்பா."

"உங்கப்பாவா? கோட்டு யாரு வாங்கிக் குடுத்தா?"

ராசம்மாவும் பார்த்தாள். "இந்த ஆளுகூடயா நான் இத்தன வருசம் குடும்பம் நடத்தினேன்?"

அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜசேகரனுக்குக் காது சுட்டது. படத்தைப் பார்த்தான். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது, அப்பாதான் இல்லை. நைனாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"எப்படிச் சிரிப்பாரு மாமா?"

நைனா தோள் துண்டை இறக்கினார். "இப்படித்தான் லா." இடது கண்ணை இடுக்கி, வாயைக் கோணலாக இழுத்துக் காட்டினார். "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே தோளு குலுங்கும்."

"இல்லண்ணே, வலது கண்ணு," என்றாள் ராசம்மா.

"தங்கச்சி, எதிர நின்னு பாத்தவன் நான்."

"பக்கத்துல படுத்தவ நான்."

வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அம்மா வெட்கப்பட்டுக் கீழே பார்த்தாள். அப்பாவின் சாவு வீட்டில் வேறெப்படி இருக்கும் என்று தோன்றியது ராஜசேகரனுக்கு.

கரி அழிக்க வைத்திருந்த ரொட்டித் துண்டை உருட்டிக் கறுப்புக் கோட்டை அழித்தான். மூக்கை அழித்தான். பென்சிலை வைத்துவிட்டு விரலாலேயே கரியை இழுத்தான். படத்தில் வலது கண்ணை இடுக்கினான். பல் தெரிந்தது. செத்தவர் படத்தில் பல் தெரியக்கூடாது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். இன்னொரு பல்லையும் வரைந்தான்.

"தூக்கலாமா தம்பி?" பாடை கட்டியவர்களில் ஒருவர் கேட்டார்.

"இருங்க."

அவன் அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை. இருந்தார்கள். கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுக் கரி படிந்த கையோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கினான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது, படம் சுவரோரம் சாய்ந்திருந்தது. முன்னால் விளக்கு. அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.

நைனா கடையிலிருந்து வந்த கோப்பியில் ஒரு கோப்பையை அம்மா எடுத்துப் படத்தின்முன் வைத்தாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, அவருக்கு எப்போதும் செய்வதுபோல் கோப்பியைத் தட்டில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றத் தொடங்கினாள்.