கற்பூர சத்தியம்

பென்னாகரத்துக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் பதினோரு வருடமாகத் தண்ணீர் திறந்துவிட்டவள் காசியம்மாள். விடிந்ததும் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவாள். பிறகு தெருத்தெருவாக வால்வைத் திருப்புவாள். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அப்போது இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாதவராஜ். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான்.

இந்தக் கோடையில் அவருடைய சாமந்தித் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனது. அந்தத் தோட்டத்து மாட்டுத் தொழுவத்துக்கென்று தொட்டியிலிருந்து அவர் இழுத்த குழாய் ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"பூவெல்லாம் கருவுது காசி. ஒரு மாசத்துக்குக் கீழ்த்தெருவக் கொறச்சுட்டு நம்ம பக்கம் திருப்பி வுடு."

"செரிங்க" என்றாள். ஒரு மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மழை பெய்யவில்லை. வீட்டுக்கு நான்கு குடம் பிடித்த கீழ்த்தெருவில் ஒரு குடம் நிரம்புவதே பெரும்பாடானது. பெண்கள் காட்டோரத்துக் கைப்பம்புக்கு நடந்தார்கள். கைக்குழந்தைக்காரி சசிகலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கோயில் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டாள்: "தொட்டி நெறய ஏத்துறாங்க. எங்க தெருத் தண்ணி மட்டும் எங்கங்க போவுது?"

மாதவராஜ் கோபப்படவில்லை. "மோட்டார்ல கோளாறும்மா. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. காசியே ஆத்தா முன்னாடி கற்பூரம் அணைச்சுச் சொல்லட்டும்."

காசியம்மாள் வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவள். எழுந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மோட்டார்லதான் கோளாறு" என்று சொல்லி உள்ளங்கையால் தீயை அமுக்கினாள். கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதோடு கூட்டம் கலைந்தது.

மறுநாள் சசிகலா ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வீட்டுக்கு வந்தாள். "உங்களத் தப்பா நெனச்சுட்டேங்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தக் கீரையைக் காசியம்மாளால் ஆய முடியவில்லை. வாசலில் கிடந்து வாடியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

நான்காம் நாள் காலை, தோட்டத்து வால்வை இறுக்கி மூடிவிட்டுக் கீழ்த்தெருவுக்கு முழுசாகத் திறந்தாள். பத்து மணிக்குள் மாதவராஜின் பைக் தொட்டியடிக்கு வந்து நின்றது.

"யாரால இந்த வேலையில இருக்கற? மறந்துட்டியா?"

"மறக்கலீங்க. மறக்காமத்தான் ஆத்தா மேலயே பொய் சொன்னேன். இனிமே என்னால ஆவாதுங்க."

"ஊருல இல்லாத உத்தமியாட்டம் பேசாத. சாவியக் குடு."

மோட்டார் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டு நேராகச் சசிகலா வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்ட சசிகலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"தண்ணி கெடக்கட்டும். கற்பூரத்து மேல கைய வெச்சியே, எப்படி மனசு வந்துச்சு ஒனக்கு?"

நேற்றுவரை 'வாங்க, போங்க' என்றவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொட்டி வேலைக்கு மாதவராஜின் அண்ணன் மகன் வந்தான். ஆனால் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் காலையில் கீழ்த்தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு தொட்டியைச் சுற்றி நிற்கிறார்கள். தோட்டத்து வால்வைத் தொட அவனுக்குத் துணிச்சல் இல்லை. மாதவராஜை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆடித் திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான் போட்டார்கள்.

காசியம்மாள் இப்போது தக்காளி பறிக்கப் போகிறாள். கூலியாட்களை ஏற்றிப் போகும் வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. திருவிழா முடிந்த மறுநாள், ஆளில்லாத மத்தியானத்தில் கோயிலுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். பூட்டிய கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"கீழ்த்தெருவுக்கு இப்பத் தண்ணி வருது ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.