பூடு போடாத சோறு

லில்லி மறுபடியும் கக்கிவிட்டது. பேச்சித்தாய் அப்போதுதான் கழுவி விட்டிருந்த பின்வாசல் கல்லின் மேல், காலையில் குடித்த கம்பங்கூழ் அப்படியே கிடந்தது. கக்கிவிட்டு அந்த நாய் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாமிக்கு வைத்ததை எடுத்துத் தின்றுவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல, வாலை இடுக்கிக்கொண்டு, தரையோடு தரையாக ஒரு பார்வை.

"ஒன்னைய யாரு என்ன சொன்னா? வா இங்கன," என்று அவள் முந்தானையாலேயே அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.

நாய் அவளுடையது இல்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் மதுரை வக்கீல் ஒருவர் கட்டிப்போட்டிருந்த பங்களா அது. சாரல் மாதங்களில்தான் ஆள் வரும். மிச்ச நாளெல்லாம் காவல்காரன் ஆவுடையப்பனும், அவன் பெண்சாதி பேச்சித்தாயும், மேலே ஓடு பிரிக்கிற குரங்குகளும்தான். போன சாரல் முடிந்து கிளம்பும்போது வக்கீலம்மா இந்தச் சடைநாயை விட்டுவிட்டுப் போனாள். மதுரை வெயில் அதற்கு ஆகவில்லையாம். "பேச்சி, இதுக்கு வயிறு ரொம்ப லேசு. பார்த்துக் கொடு. அடுத்த சாரலுக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று ஒரு பிஸ்கட் டின்னையும் கையில் கொடுத்தாள். டின் ஐப்பசிக்குள் காலி. அப்புறம் என்ன கொடுப்பது? யுத்த காலம். கார்டுக்கு அளந்து போடுகிற அரிசியில் பாதிக்குப் பாதி சிவப்புச் சோளம். அது மனுஷர் வயிற்றையே புரட்டியது. கேப்பைக் களி கொடுத்தால் கழிந்தது. கருவாட்டுத் தலை கொடுத்தால் கக்கியது. பால் வாங்கி ஊற்றலாமென்றால் பால்காரன் கொண்டு வருவது பாலா, அருவித் தண்ணியா என்று அவனுக்கே தெரியாது.

ஒவ்வொரு தடவையும் பேச்சித்தாய் கஷாயம் போட்டாள். ஓமம், சுக்கு, கை நிறைய வெள்ளைப்பூடு தட்டிப் போட்டு வற்ற வைத்து, சங்கில் எடுத்து நாயின் கடைவாயில் ஊற்றினாள். அந்தக் கஷாயத்துக்குப் பேர் உண்டு. இலஞ்சியிலிருந்துகூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பேச்சி கை பட்டால் கழிச்சல் நிற்கும் என்பார்கள். நின்றும் இருக்கிறது.

அவள் பெற்ற கோமுவுக்கு மட்டும் நிற்கவில்லை. போன வருஷம் மாசியில், கொலுசு போட்டு வீடெல்லாம் ஓடித் திரிந்த பிள்ளை, தண்ணியாய்க் கழிந்து வாழைத்தண்டு மாதிரி துவண்டது. விட்டு விட்டுக் கஷாயம் ஊற்றினாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டது. மூக்கைப் பிடித்து ஊற்றினாள். புதைத்துவிட்டு வந்த அன்றைக்குத் தெருப் பெண்கள் சொன்னார்கள்: "ஒம் மருந்துக்கே அடங்கலன்னா, அது ஆத்தா கேட்டு வாங்கிக்கிட்டதுட்டி. மனுசி கையில என்ன இருக்கு?" அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து அடுப்புப் பற்ற வைத்தாள். இன்றுவரை பற்ற வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கூழும் ஆகாது என்று தெரிந்துபோனதும் தென்காசிக்கு நடந்தாள். கறிக்கடை ஹைருன் பீவி கொஞ்ச வருஷமாகப் பழக்கம்.

"பீவியக்கா, விலை கம்மியா, ஆனா கெட்டுப்போகாததா ஏதாவது குடு. வயித்துக்கு ஆகாத சீவன்."

"யாருக்குட்டி? ஒம் மாப்பிள்ளைக்கா?"

"நாய்க்குக்கா."

ஹைருன் பீவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அல்லா! எம் மாப்பிள்ளைக்குக்கூட நான் இம்புட்டு யோசிச்சதில்ல. அவரு ஒருநாள் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. போய் வேப்பமரத்தச் சுத்தி வாரும்னேன்." பேசிக்கொண்டே காலையில் அறுத்த ஆட்டின் குடலையும் ஓரத்துச் சவ்வையும் இலையில் கட்டினாள். "இத யாரும் வாங்க மாட்டாவ. ஆனா புதுசு. நல்லா அலசு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி வா, எடுத்து வைக்கேன்."

பேச்சித்தாய்க்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மஞ்சள் போட்டு அலசி, மூணு பூடு உரித்து நசுக்கி, சின்ன உள்ளியும் போட்டுக் குழைய வேக வைத்தாள். குடலுக்குப் பூடு போடாமல் எப்படி? வாயு பிடிக்காதா? லில்லி தட்டை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. மறுநாள் எழுந்திருக்கவில்லை. ஈறெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அவள் கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சினாள்.

இந்த நிலைமையில்தான் வீரகேரளம்புதூரில் அக்காள் வீட்டுக் கோயில் கொடை வந்தது. அம்மனுக்கு நேர்ந்தது, போகாமல் இருக்க முடியாது. "குடல அலசி வேக வையுங்க, கஷாயத்த மறக்காதிய," என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். கொடை முழுக்க, வில்லுக்காரர் பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. திரும்பி வரும்போது நாய் இருக்குமா?

நாய் இருந்தது. வாசல் கேட்டுக்கே ஓடி வந்தது. அவள் மேல் பாய்ந்து சேலையெல்லாம் மண்ணாக்கியது.

"இங்கேருங்க, என்ன குடுத்திய இதுக்கு?"

ஆவுடையப்பன் பீடியைத் தேடிக்கொண்டே சொன்னான்: "என்னத்தக் குடுத்தேன். சோத்தக் கொழைய வடிச்சேன், குடல வெறும் தண்ணியில அவிச்சேன், பிசைஞ்சு வச்சேன்."

"பூடு?"

"அத யாரு உரிக்கது? நகக்கண்ணெல்லாம் எரியும்."

"கஷாயம்?"

"அதுக்கு ஒருக்க அடுப்பு மூட்டணும்லா." பீடி கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சு வந்தது. "கழிச்சல் தன்னால நின்னுட்டு பாத்துக்கோ. எனக்கு என்ன தோணுதுன்னா, ஒம் மருந்துதான் அதுக்கு எதிரி. நீ ஊத்த ஊத்த அது வயித்த அறுத்திருக்கு. சின்ன உசிரு, தாங்குமா..."

சொல்லி முடிக்கவில்லை. பீடிக்குக் கிழித்த தீக்குச்சி விரலைச் சுட்டது. அதை உதறவும் தோன்றாமல் அவளைப் பார்த்தான்.

"நாய்க்குச் சொன்னேன், பேச்சி."

"நாய்க்குத்தான சொன்னிய. நான் என்ன வேற யாருக்குன்னா நெனச்சேன்?" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய் மூட்டையைப் பிரித்து, கொடையில் கொடுத்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்கப்புறம் லில்லிக்கு வெறும் சோறும் வெறும் குடலும்தான். நாய்க்கு மினுமினுப்புக் கூடிக்கொண்டே போயிற்று. அது தெம்போடு குதிக்கக் குதிக்க இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாய் வேறு, பிள்ளை வேறு. இலஞ்சிப் பிள்ளைகளுக்கு நின்றதே? நின்றது. தன்னால நின்றதோ? கோமு ஏன் பல்லைக் கடித்தாள்? கசப்புக்கா? மூக்கைப் பிடித்தபோது அந்தப் பிள்ளை தன் கையைப் பிடித்துத் தள்ளியதே, அது...

ஒருநாள் காலையில், ஆவுடையப்பன் கடைக்குப் போயிருந்தபோது, அவள் பூடு உரித்தாள். நிறைய உரித்தாள். முன்னே எப்படிப் போடுவாளோ அதேபோல நசுக்கிக் குடலோடு சேர்த்து வேக வைத்துச் சோற்றில் பிசைந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டும். நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டால் போதும், அந்த மனுஷன் சொன்னது வாய்க்கு வந்த பேச்சு என்று ஆகிவிடும். நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கு மேலே அவள் யோசிக்கவில்லை. தட்டை வைத்தாள். லில்லி வந்து மோந்தது. ஒரு எட்டுப் பின்னால் போயிற்று. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. சரி, நீதானே வைத்தாய் என்பது போல வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் தின்றது.

தட்டை எடுத்துவிட வேண்டும் என்று கை போனது. போனபோது தட்டில் ஒன்றும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் நாய் பின்வாசலில் முருங்கை நிழலில் படுத்தது. தூக்கமா, துவளலா தெரியவில்லை. அவள் எதிரே குத்தவைத்து அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அடுத்த பங்களாத் தோட்டக்காரன் பெண்சாதி முப்பிடாதி, கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மைனி, காலையிலருந்து தண்ணியா போகுது மைனி. பால் குடிக்க மாட்டேங்கான். கஷாயம் வச்சுத் தாங்க."

பேச்சித்தாய் வாயைத் திறந்தாள். தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள்.

"என்ன மைனி, கொடைக்குப் போய்ட்டு வந்து ஆளே மாறிட்டிய? பூடு இல்லையா, நான் எடுத்துட்டு வரட்டா?"

"இரி."

"எதுக்கு இரிக்கணும்?"

"இரிட்டி கொஞ்சம். அது எந்திரிக்கட்டும்."

"எது?"

பேச்சித்தாய் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தது. பிள்ளை கண்ணை அரைகுறையாகத் திறந்து, கையால் துழாவி, அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. காலையில் பூடு நசுக்கிய விரல். உருவிக்கொண்டால் அழும். அவள் விரலை அசைக்காமல், நாயின் விலாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, ஈறால் கடித்துக் கடித்து, விடாமல் சப்பியது.