கை ஒழியாத தோழி

"மணிக்கணக்கா போன்ல பேச எனக்கு எங்கடி நேரம்? எதுன்னாலும் இன்பாக்ஸ்ல போடு. கை ஒழியும்போது பார்த்துப் பதில் போடறேன்."

"எல்லாத்தையும் எழுத முடியுமா?"

"எழுதிப் பாரு கொசு. அழுதுகிட்டே எழுதினாலும் எனக்குப் புரியும்."

போன வருடம் அழகி சொன்னது இது. தோழிக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை கிடைத்த அன்றே கொசு என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கல்லூரி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சோப்பு. இப்போது அழகி மணப்பெண் அலங்காரக்காரி. அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் நண்பர்கள் ஆயிரக்கணக்கில்.

கொசு எழுதினாள். கணவன் கை நீட்டியதை எழுதினாள். அவன் குரல் உயர்ந்தாலே மகள் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்குவதை எழுதினாள். அழகி வீட்டு மாடி அறை காலியாகக் கிடந்தது. அதைக் கேட்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. இல்லையென்று சொல்லிவிட்டால், மிச்சமிருக்கும் ஒருத்தியும் போய்விடுவாளே என்ற பயம். பதில் என்னவோ உடனுக்குடன் வந்தது: "நான் இருக்கேன்டி." கூடவே மூன்று சிவப்பு இதயம். அந்த இதயங்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள்.

அன்று கன்னம் வீங்கியிருந்தது. இனி நேரில் கேட்டே தீருவது என்று அரைநாள் விடுப்பு சொல்லிக் கிளம்பினாள். அழகியின் அழகு நிலையத்து வாசலில் கால் பின்வாங்கியது. "உன்னைப் பார்க்கணும்டி" என்று இன்பாக்ஸில் தட்டிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தாள்.

அழகி ஒரு மணப்பெண்ணுக்குப் பொய் இமைமுடி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் இடுக்கி, மறுகை இமையின்மேல்.

கொசுவின் போன் சிணுங்கியது. "நான் இருக்கேன்டி." மூன்று இதயம்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அழகியின் நாத்தனார் கையிலிருந்த போனை வைத்துவிட்டு பிஸ்கட்டைக் கடித்தாள்.

கொசு கதவைத் தள்ளிய வேகத்தில் மணப்பெண் திரும்ப, ஒட்டிய இமை கன்னத்துக்கு இறங்கியது.

"யாருடி எனக்குப் பதில் போடறது?"

நாத்தனார் அசரவில்லை. அண்ணிக்கு நேரமில்லாததால் பக்கத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், கஷ்டம் சொல்கிற எல்லாருக்கும் இதையே போடுவதாகவும், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்றும் சொன்னாள்.

கொசு அழகி பக்கம் திரும்பினாள். "நான் அடி வாங்கினதெல்லாம் இவளுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

அழகிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நேத்துகூட உன் படத்துக்கு லைக் போட்டேனேடி. சிரிச்சுகிட்டுதானே இருந்தே?"

"மேக்கப் போட்டே வயிறு வளர்க்கிறவ நீ. என் மூஞ்சில அப்பியிருந்தது உனக்குத் தெரியலையா?"

ஆள் இருக்கிறார்கள், உள்ளே போய்ப் பேசலாம் என்று அழகி கெஞ்சினாள். வீங்கிய கன்னத்தைத் தொட வந்த அவள் கையைக் கொசு தட்டிவிட்டாள்.

"தொடாத. ஊருக்கெல்லாம் ஃபிரெண்டு, ஆபத்துல ஒருத்திக்கும் இல்ல. இனி இதயம் கிதயம்னு எதையும் அனுப்பாத."

அவள் அழகியை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் பாப்பாவுக்கும் இருக்க இடம் வேணும். உன் மாடி ரூம்ல எங்களை வச்சுக்கறியா?"